மூன்று காப்பி!

உங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் கறுப்புக் கல் பதித்திருக்கிறதா? பதித்திருந்தால், மேலே படிப்பதற்கு முன் எழுந்து போய் அதை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள். சில்லென்று, வழவழவென்று, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறதல்லவா? அந்தக் கல்லின் பிறந்தகம் தர்மபுரிப் பக்கமாக இருந்தாலும் இருக்கும். பூமிக்குள் யாரோ மதிற்சுவர் எழுப்பி மண்ணைப் போட்டு மூடிவிட்டாற்போல, அந்த வட்டாரத்தில் நீள நெடுக ஓடுகின்றன கறுப்புப் பாறைகள். 'டோலரைட்' என்பது சாஸ்திரப் பெயர். வியாபாரத்தில் 'பிளாக் கிரானைட்' என்கிறார்கள். உண்மையில் கிரானைட் வேறு ஜாதி, இது வேறு ஜாதி. வெட்டி, அறுத்து, மெருகேற்றி, நம் சமையலறைகளுக்கும் கடல் கடந்த தேசங்களுக்கும் அனுப்புகிறார்கள்.

நல்லது, கல் இங்கே வந்துவிட்டது. அது இருந்த இடத்தில்? ஒரு பள்ளம், பள்ளத்தில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். 'இங்கே என்ன பாறை இருந்தது? எந்தத் திசையில் ஓடிற்று? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?' என்று நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால், பதில் சொல்லப் பாறை இல்லை. வெட்டுவதற்கு முன் யாராவது பார்த்துக் குறித்து வைத்திருந்தால், அந்தக் குறிப்பு ஒன்றுதான் பாக்கி.

அந்தக் குறிப்பும் தொலைந்து போனால்?

"அதை என்னிடம் கேளுங்கள், அக்கா" என்றாள் என் சித்தி மகள்.

அவள் நிலவியலில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். பூகர்ப்ப சாஸ்திரம் என்று எங்கள் தாத்தா சொல்வார். சித்தியோ, "கல்லுடைக்கிற படிப்பு படிக்கிறாள்" என்றுதான் இன்றுவரை உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தை மாதத்தில் நான்கு நாள் தர்மபுரியில் சித்தி வீட்டில் தங்கி, தினம் விடியற்காலையில் அவள் பின்னாலேயே நானும் கிளம்பினேன். அவள் கையில் ஒரு சுத்தியல், கழுத்தில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி, சட்டைப் பையில் செல்போன், நோட்டுப் புத்தகம், பென்சில். என் தோளில் காலிப் பிளாஸ்டிக் பாட்டில்கள் நிறைந்த பை. அந்தப் பாட்டில்களின் கதையைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரையே அவற்றால் வந்தது.

முதல் நாள் ஒகேனக்கல். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். 'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. புகையும் கல்தான் ஒகேனக்கல். அருவித் தூறல் புகை போல எழும்புவதைப் பார்த்து யாரோ வைத்த பொருத்தமான பெயர். நாமெல்லாம் அங்கே போனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம், மீன் வறுவல் சாப்பிடுவோம், பரிசலில் ஏறுவோம். என் தங்கை இவற்றில் எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்தாள். அங்கே 'கார்பனடைட்' என்று ஒரு பாறை உண்டு. சுண்ணாம்புக் கல்லின் சத்து. ஆனால் கடலடியில் படிந்ததல்ல, பூமியின் வயிற்றிலிருந்து நெருப்புக் குழம்பாக ஏறி வந்து உறைந்தது. வயது ஏறக்குறைய 240 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். உலகத்திலேயே மிகப் பழைய கார்பனடைட்டுகளில் அதுவும் ஒன்று. அதன் பக்கத்தில் கால் நனைத்துக்கொண்டு நாம் மீன் வறுவல் சாப்பிடுகிறோம்!

பாறையைப் பார்த்து அவள் என்ன குறித்துக்கொள்கிறாள் என்று கேட்டேன். "ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். கூரை உச்சியில் முகட்டு உத்தரம் ஒரு திசையில் ஓடுகிறதல்லவா, அது ஒன்று. அங்கிருந்து ஓடு எந்தப் பக்கமாக எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பது இன்னொன்று. பாறை அடுக்குக்கும் இந்த இரண்டையும் குறித்துவிட்டால், மண்ணுக்கு அடியில் அது எங்கே போகிறது என்று மேலேயிருந்தே ஊகித்துவிடலாம். முன்னாளில் திசைகாட்டியைக் கல்லின்மேல் வைத்துப் பார்த்துப் பென்சிலால் படத்தில் கோடு போடுவார்கள். இப்போது செல்போனையே கல்லின்மேல் படுக்க வைக்கிறாள். போனுக்குள் இருக்கும் காந்த உணர்வி திசையைச் சொல்கிறது, இன்னொன்று சாய்வைச் சொல்கிறது, வானத்துச் செயற்கைக்கோள்கள் இடத்தைச் சொல்கின்றன. ஒரு போட்டோ, இரண்டு வரி குறிப்பு. விரலால் ஒரு தட்டு. தேசப்படத்தில் ஒரு புள்ளி விழுந்தாயிற்று. அரூருக்குப் பக்கத்தில் தீர்த்தமலை வட்டாரத்தில் இரும்புக் கல் உண்டு; அங்கே மட்டும் காந்த ஊசி கள் குடித்தவன் போல ஆடுமாம். அப்போது சூரியனையும் தூரத்து மலை உச்சியையும் பார்த்துத்தான் திசை சரிபார்க்க வேண்டும்.

இப்படி ஒரு நாளைக்கு ஐம்பது புள்ளி. பத்து நாளைக்கு ஐந்நூறு. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் பாறைப் படம். அத்தனையும் உள்ளங்கை அகலக் கண்ணாடிப் பலகைக்குள்!

காகிதக் காலத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பகலில் பென்சிலால் போட்ட கோட்டை ராத்திரி கூடாரத்தில் விளக்கு வைத்துக்கொண்டு மையால் மேலே எழுதிவிட்டுத்தான் படுப்பார்கள். பென்சில் அழியும், மை அழியாது. பின்னர் அது அச்சேறும். 1864-ல் வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னாற்காடு ஜில்லாக்களின் சில பகுதிகளைப் பற்றி எழுதியதை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை புத்தகமாகப் போட்டது. ஃபூட் வேறு யாருமில்லை. அதற்கு முந்திய வருஷம் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். தர்மபுரி அந்நாளில் சேலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தனி ஜில்லாவானது 1965, அக்டோபர் 2-ல். தீர்த்தமலை இரும்புக் கல்லைப் பற்றி அவர்கள் எழுதியதை இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். ஏன் படிக்க முடிகிறது? அச்சிட்டார்கள், பல ஊர் நூல்நிலையங்களில் பிரதி இருந்தது. ஒன்றைக் கரையான் தின்றால் இன்னொன்று. அவர்கள் காலத்துக்குப் பிறகு, 1934-ல் மேட்டூர் அணை எழும்பிற்று. தண்ணீர் ஏறின இடத்தில் இருந்த பாறைகளை இனி யாரும் சுத்தியல் கொண்டு தட்ட முடியாது. முன்னால் பார்த்தவர்கள் எழுதியதுதான் எழுத்து.

இதெல்லாம் சாஸ்திரக்காரர்கள் கவலை, நமக்கென்ன என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இரண்டாம் நாள் பாட்டில் பையைத் திறக்கும் வரையில்.

தர்மபுரி ஜில்லாவில் பல கிராமங்களில் நீங்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். லட்சணமான முகம், சிரித்தால் பல்லில் காவிக் கறை. வெற்றிலைக் கறையல்ல. பிராயம் எட்டோ பத்தோ இருக்கும் குழந்தை. நிலத்தடித் தண்ணீரில் இருக்கும் 'ஃப்ளோரைடு' செய்கிற வேலை அது. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது சர்க்கார் அளவு. அதற்கு மேலே போய், பல் உருவாகிற வயதில் வருஷக்கணக்காகக் குடித்தால் பல்லில் கறை. இன்னும் மிஞ்சினால், பெரியவர்களுக்கும் எலும்பில் பிடிப்பு, முதுகு வளையாமை. காய்ச்சினால் போகுமே என்று யோசிக்க வேண்டாம். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் ஆவியாகும். ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிந்துவிடும்.

எங்கிருந்து வருகிறது இது? பாறையிலிருந்து. கறுப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. பாறை இடுக்கில் வெகு நாள் தங்கும் நீர் அதை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு தெருக் கிணறு நல்லதாகவும் அடுத்த தெருக் கிணறு கெட்டதாகவும் இருக்கும். அடியில் பாறை மாறியிருக்கும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் காவிரித் தண்ணீர் குழாயில் ஓடத் தொடங்கியதே, அதன் முழுப் பெயரிலேயே 'ஃப்ளோரைடு பாதிப்பு நீக்கும்' திட்டம் என்று இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வந்த வீட்டுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் குழாயில் காற்று வருகிற நாளும் உண்டல்லவா? அன்றைக்குக் குடம் போகிற இடம் பழைய ஆழ்குழாய்க் கிணறுதான்.

என் தங்கையின் ஆராய்ச்சி இதுதான். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் பாறையைப் படமாக வரைவது. அதே இடத்துக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. எந்தப் பாறைக்கு மேலே எந்தத் தண்ணீர் என்று பொருத்திப் பார்ப்பது.

சென்ற வருஷம் தை மாதத்திலும் இதே வேலைக்காகத்தான் போயிருந்தாள். ஐந்து நாள் அலைந்து 31 கிணறுகளில் தண்ணீர் எடுத்தாள். பாட்டிலின்மேல் 1, 2, 3 என்று எண் மட்டும் போட்டாள். எந்த எண் எந்த ஊர், எந்த வீடு, என்ன பாறை என்பதெல்லாம் போனில் புள்ளியாக இருக்கிறதே, பாட்டிலில் வேறு எதற்கு எழுத வேண்டும்? நோட்டுப் புத்தகம் பழைய காலத்துச் சங்கதி என்று அதையும் விட்டுவிட்டாள். 'காப்பி' எடுத்து வைத்திருந்தாளா என்றால், வைத்திருந்தாள்! போனுக்குள்ளேயே செருகியிருந்த மெமரி கார்டில்.

கடைசி நாள் வேலை முடிந்த சந்தோஷத்தில் சிநேகிதிகளோடு பரிசல் ஏறினாள். இறங்குகையில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றிற்று. போன் காவிரிக்குள் போயிற்று. மெமரி கார்டும் கூடவே போயிற்று. பரிசல்காரர் பாவம், மூன்று தடவை முங்கிப் பார்த்தார்.

பாட்டில்கள் மட்டும் பத்திரமாகப் பரிசோதனைச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. சில வாரம் கழித்து முடிவு வந்தது. பெரும்பாலானவை ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் அக்கம்பக்கம். 17-ஆம் எண் பாட்டில் மட்டும் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. ஒன்றரையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

பதினேழு எந்த ஊர்?

"மூன்றாம் நாள் எடுத்தது, அவ்வளவுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மூன்று கிராமத்தில் எட்டுக் கிணறு பார்த்தேன்" என்றாள்.

சித்திரையில் வெயிலோடு வெயிலாக மறுபடி போனாள். அந்த எட்டில் மூன்று கிணறு வற்றிவிட்டது. மற்றவற்றில் எடுத்த தண்ணீர் தை மாதத் தண்ணீர் இல்லை. நீர் மட்டம் இறங்கினால் கரைந்திருக்கும் அளவும் மாறிவிடும். முன்னும் பின்னும் ஒட்டவில்லை. ஒரு வீட்டு வாசலில் இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மாள் இவளை அடையாளம் கண்டுகொண்டு, "தையிலே வந்து தண்ணி புடிச்சிக்கிட்டுப் போனியே கண்ணு, நல்ல தண்ணியா கெட்ட தண்ணியா, என்ன சொன்னாங்க?" என்று கேட்டாளாம்.

இவள் என்ன சொல்வாள்? அந்த வீட்டு முடிவு வந்திருக்கிறது. காகிதத்தில் அச்சாகிப் பையிலேயே இருக்கிறது. எந்த வரி அந்த வீடு என்பதுதான் ஆற்றோடு போய்விட்டது.

"மறுபடி எடுக்க வந்திருக்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை" என்றாள் என் தங்கை. 17-ஆம் எண் எந்த வீட்டுக் கிணறு என்று இன்றுவரை தெரியாது.

தர்மபுரி மண்ணுக்கு இப்படித் தொலைத்துப் பழக்கம் உண்டு என்று தோன்றுகிறது. பழைய தகடூர்தான் இன்றைய தர்மபுரி. ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர். அந்தத் தகடூரின்மேல் சேர மன்னன் படையெடுத்து வந்த போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு முழு நூலே இருந்தது. இப்போது இல்லை. பிற்காலத்தில் ஒருவர் பல நூல்களிலிருந்து பாடல்களைப் பொறுக்கிப் 'புறத்திரட்டு' என்று தொகுத்தார் பாருங்கள், அதில் அகப்பட்டவையும், உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியவையுமாகச் சில பாடல்கள் தப்பின. நெல்லிக்கனி தின்று ஒளவை நெடுநாள் வாழ்ந்தாளாம். அதியமானின் போர்க்கதைக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஏட்டைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எழுதி, நான்கு ஊரில் வைத்திருந்தால் கிடைத்திருக்கும்.

சரி, இந்த வருஷம் என்ன செய்கிறாள்?

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பினோம். எனக்கானால் கால் கடுப்பு. சித்தி அடுப்பங்கரையிலிருந்து, "காப்பி ஆச்சாடி?" என்று குரல் கொடுத்தாள். "ஒரு காப்பி ஆச்சு அம்மா, இன்னும் இரண்டு பாக்கி!" என்று பதில் வந்தது. "மூணு காப்பி குடிச்சா ராத்திரி தூக்கம் வருமா?" என்று சித்தி கேட்டாள். "மூணு காப்பி இருந்தால்தான் தூக்கம் வரும்!" என்றாள் மகள். தினம் நடக்கும் விளையாட்டு போலும்.

மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். ஓர் அமெரிக்கப் புகைப்படக்காரர் 2005-ல் வெளியிட்ட புத்தகத்தின் மூலம் உலகமெல்லாம் பரவிய சூத்திரம் இது. கேட்க எளிது. செய்து பார்க்கையில் எத்தனை குழி தெரியுமா? நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அவள் போனில் இருப்பது 'கியூஃபீல்டு' என்ற இலவசச் செயலி. அது புள்ளிகளை 'ஜியோபேக்கேஜ்' என்ற ஒரே ஃபைலில் வைக்கிறது. ஒரே ஃபைல்தானே, எடுத்து ஒட்டினால் போயிற்று என்று நினைத்தால் முதல் குழி. செயலி திறந்திருக்கும்போது, கடைசியாகப் போட்ட புள்ளிகள் அதற்குள் போகாமல் பக்கத்தில் ஒரு சிறு துணை ஃபைலில் காத்துக்கொண்டிருக்கக்கூடும். மாவு பாத்திரத்தில் இருக்கிறது, உப்பு இன்னும் கிண்ணத்தில் இருக்கிறது என்பது மாதிரி. பாத்திரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் தோசை எப்படி இருக்கும்? ஆகவே முதலில் செயலியை ஒழுங்காக மூட வேண்டும். அப்புறம் ஃபைலை அல்ல, முழு ஃபோல்டரையே எடுக்க வேண்டும். ஏனென்றால் போட்டோக்கள் தனி அறையில் இருக்கின்றன. புள்ளியில் இருப்பது போட்டோவின் பெயர் மட்டும்தான். பெயரை எடுத்து வந்து ஆளை விட்டுவிட்டு வந்தவர்கள் அவள் வகுப்பிலேயே இரண்டு பேர்.

'ஷேப்ஃபைல்' என்று இன்னொரு பழைய வகை உண்டு. அது ஒரு ஃபைலே அல்ல, ஒரு கூட்டுக் குடும்பம். ஒருவன் வடிவத்தை வைத்திருப்பான், ஒருவன் அட்டவணையை, ஒருவன் இரண்டையும் கோத்து வைக்கும் கணக்கை. இன்னொருவன் எந்த அளவுமுறைப்படி இடம் குறித்தது என்ற ஜாதகத்தை வைத்திருப்பான். அந்த ஜாதகம் தொலைந்தால் வேடிக்கையைப் பாருங்கள்: நம் பழைய சர்வே வரைபடங்கள் 'எவரெஸ்ட் 1830' என்ற கணக்கில் பூமியை அளந்தவை, செயற்கைக்கோள் சொல்வது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பினால் கிணறு ஒரு தெரு தள்ளிப் போய் அடுத்தவர் நிலத்தில் உட்கார்ந்துவிடும். நிலத் தகராறுக்கு வேறு காரணமே வேண்டாம்.

பெரிய குழி இன்னொன்று. செயலி மக்கர் பண்ணினால் நாமெல்லாம் என்ன செய்வோம்? நீக்கிவிட்டு மறுபடி போடுவோம். 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் இப்படிப்பட்ட செயலிகள் தங்கள் சரக்கைத் தங்களுக்கென்று ஒதுக்கிய தனி ஃபோல்டரிலேயே வைக்கின்றன. செயலியை நீக்கினால் அந்த ஃபோல்டரும் சேர்ந்து போகும். குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொன்னால் வீட்டையும் இடித்துவிட்டுப் போவது போல! பிரதி எடுக்காமல் நீக்கவே கூடாது என்று போனின் முதுகில் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

முதல் பிரதி மடிக்கணினிக்குப் போனது. ஃபோல்டருக்குப் பெயர் அன்றைய தேதி; அதுவும் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில். அப்போதுதான் கணினி தானாகவே நாள் வரிசையில் அடுக்குமாம். நேற்றையதன்மேல் இன்றையதை எழுதுவதில்லை; நேற்று நேற்றாகவே இருக்கும். இன்றைக்குத் தெரியாமல் ஒரு கிணற்றை அழித்திருந்தால் நேற்றையதில் அது உயிரோடு இருக்கும் அல்லவா?

"இணையத்தில் தானாகவே ஏறிவிடுகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்டேன். "அது பிரதி இல்லை அக்கா, நிழல்" என்றாள். இங்கே ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும், பிறகு அதுவும் காலி. தவிரவும் மலைச்சரிவுகளில் சிக்னல் எட்டுவதில்லை. ஆகவே வீட்டுக்கு வந்த பிறகு அன்றைய ஃபோல்டரை முழுசாக, தனியாக, ஏற்றுகிறாள். அது இரண்டாவது. மூன்றாவது ஒரு பென்டிரைவ். மடிக்கணினியோடு ஒரே பையில் போகக் கூடாது. பை களவு போனால் இரண்டும் போய்விடும். பகலில் அது சித்தியின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு காரியம் செய்தாள், அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. பிரதியைத் திறந்து எண்ணினாள். நோட்டுப் புத்தகத்தில் பாறை 34, கிணறு 18, ஆக 52 என்று பென்சிலால் எழுதியிருந்தது. ஆம், நோட்டுப் புத்தகம் திரும்ப வந்துவிட்டது! பிரதியிலும் 52 காட்ட வேண்டும். காட்டியது. இரண்டு மூன்று போட்டோவைத் திறந்து பார்த்தாள். கூடவே எல்லாப் புள்ளிகளையும் சாதாரண எழுத்து அட்டவணையாகவும் ஒரு தடவை எடுத்து வைத்தாள். இந்தச் செயலியே இல்லாத காலம் வந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம்.

எண்ணிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சினிமாக் கதை இருக்கிறது. கதையல்ல, நடந்தது. 1998-ல் அமெரிக்காவில் 'பிக்ஸார்' கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒரு நாள் கம்ப்யூட்டரில் யாரோ அழிக்கும் கட்டளையை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதாபாத்திரங்கள் ஒவ்வொருவராக மறையத் தொடங்கினார்கள். தொப்பி போயிற்று, பூட்ஸ் போயிற்று, அப்புறம் ஆளே போயிற்று. பிளக்கைப் பிடுங்கினார்கள். பயமில்லை, தினம் பிரதி எடுத்துத்தானே வைக்கிறோம் என்று பிரதியைத் திறந்தார்கள். அது சில வாரங்களாகவே சரியாகப் பதிவாகவில்லை! யாரும் திறந்து பார்த்ததில்லை. எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கையில், கேலின் சஸ்மன் என்ற அதிகாரியம்மாளுக்கு ஞாபகம் வந்தது. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கப் படத்தின் பிரதி ஒன்றைத் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வாங்கி வைத்திருந்தார். விரைந்து போய், அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் காரின் பின் ஆசனத்தில் பெல்ட் மாட்டி உட்கார வைத்து, குழந்தையைக் கொண்டு வருவது போலவே கொண்டு வந்தார்கள். மறு வருஷம் படம் வெளிவந்தது. 'வேறு இடத்தில் ஒன்று' என்று சூத்திரத்தில் வருகிறதே, அந்த வேறு இடம் ஒரு தாயாரின் வீடாக இருந்தது.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1851-ல் தொடங்கிய நிலவியல் ஆய்வுத் துறை தன் படங்களைப் 'பூகோஷ்' என்ற தளத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் தேசிய நிலவியல் தரவுக் களஞ்சியம் என்று ஒன்றையும் திறந்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்துவிட்ட புள்ளிக்குக் கவலை இல்லை. கிணற்றடியிலிருந்து அந்தக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும், அது ஒரு பெண்ணின் சட்டைப் பையில் இருக்கிறது. பரிசலும் பஸ்ஸும் மழையும் இருப்பது அந்த வழியில்தான்.

நான்காம் நாள் மறுபடி அந்த அம்மாள் வீட்டுக்குப் போனோம். அடையாளம் தெரிந்து சிரித்தார். "இந்தத் தடவையாவது சொல்லுவியா கண்ணு?" என்றார். தங்கை பாட்டிலை நிரப்பி மூடினாள். எண் போட்டாள். அதன் கீழே ஊர்ப் பெயர், தெரு, அவர் பெயர், தேதி, நேரம், எல்லாவற்றையும் தண்ணீர் பட்டால் அழியாத மையால் பாட்டிலின் வயிறு நிறைய எழுதினாள். அப்புறம் நோட்டில் எழுதினாள். அப்புறம் போனில் தட்டினாள். எழுதின துண்டுக் காகிதம் ஒன்றை அந்த அம்மாளிடமும் கொடுத்து, "இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கிணற்று நம்பர்" என்றாள். அவர் அதை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி பஸ்ஸில் நான் சென்னைக்குக் கிளம்பினேன். பென்டிரைவை என்னிடம் கொடுத்தனுப்பினாள். கைப்பையில் வைத்தால் பயமாக இருந்தது. குங்குமச் சிமிழைக் காலி செய்து அதற்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரி தாண்டும் வரை தூக்கம் வரவில்லை.

காலையில் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது.

"திறந்து பார்த்தீர்களா, அக்கா?"

"இன்னும் காப்பியே குடிக்கவில்லையடி!"

"குடிப்பது அப்புறம். எண்ணுங்கள்."

எண்ணினேன். முதல் நாள் 52, இரண்டாம் நாள் 47, மூன்றாம் நாள் 50, நான்காம் நாள் 39. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மறுமுனையில் நோட்டுப் புத்தகத்தில் பென்சில் டிக் போடும் சத்தம் கேட்டது.